வெட்டாமல் விட்ட மூச்சு

சென்ற மாதம் ஸ்டுடியோவிலிருந்து தினேஷ் போன் செய்தான். நான் வேலையை விட்டு நின்ற பிறகு என் நாற்காலியில் உட்கார்ந்து வீடியோ எடிட்டிங் பார்ப்பவன் அவன். நல்ல பையன், அவசரக்காரன். ‘சோடியம் விளக்கு’ என்ற பாட்டைப் புதிதாக மெருகேற்றி மறுபடியும் வெளியிடப் போகிறார்களாம். அந்த வீடியோவை எடிட் செய்தவள் நான் என்பதால் ஒரு வார்த்தை கேட்கிறேன் என்றான்.

“அக்கா, அந்தப் பொண்ணு ஒவ்வொரு தடவையும் வாயத் திறக்குது, அதோட கட் ஆயிருது. பாடறத ஒரு எடத்துல கூடக் காட்டல. இப்ப வந்திருக்கற சாப்ட்வேர்ல பாட்டுக்குத் தக்கன ஒதட்ட அசைய வெச்சுரலாம். நடுவுல மூச்சு வாங்கற சத்தம் கேக்குதில்ல, அதையும் ஒரே பட்டன்ல எடுத்துரலாம். பண்ணிரட்டுங்களா?”

அப்புறம் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன். கேட்டவுடன் பதில் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. செய்ததை ஒரு தட்டலில் அழித்துவிடலாம் என்ற தைரியத்தில் இந்தக் காலத்துப் பிள்ளைகள் எதையும் சட்டென்று செய்துவிடுகிறார்கள். நான் டேப் காலத்தவள். தப்பாக ஒரு இடத்தில் பதிந்துவிட்டால் மொத்தத்தையும் முதலிலிருந்து பதிய வேண்டும். அதனால் எதற்கும் யோசித்துத்தான் வாயைத் திறப்பேன். இதையும் யோசித்து எழுதுகிறேன்.

என் வீடு சேலம் அம்மாபேட்டையில். வீட்டில் தறி ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு அதில் மனம் போகவில்லை. டைப்ரைட்டிங் முடித்துவிட்டு, போன் எடுக்கவும் வருகிறவர்களை உட்கார வைக்கவும் என்று ஒரு வீடியோ ஸ்டுடியோவில் சேர்ந்தேன். தை மாத முகூர்த்தக் கூட்டத்தில், அங்கே எடிட்டிங் பார்த்துக்கொண்டிருந்தவர் சொல்லாமல் கொள்ளாமல் சென்னைக்கு ரயில் ஏறிவிட்டார். ஊர்ப்பட்ட கல்யாண கேசட் தேங்கிக் கிடந்தது. “உனக்கு ஒக்காந்து வேலை செய்யறது பழக்கம்தானே” என்று சொல்லி, முதலாளி என்னை மெஷின் முன்னால் உட்கார வைத்தார். இரண்டு டெக்கை இணைத்து, ஒன்றில் ஓட்டி மற்றொன்றில் பதிகிற வேலை. இரண்டு வருடத்தில் கை பழகியது. பிறகு கம்ப்யூட்டர் வந்தது, அதுவும் பழகியது. நான் கற்றுக்கொண்ட கதை இவ்வளவுதான்.

முதலாளியின் பெயர் பழனிவேல். எல்லோருக்கும் ‘சார்’. அவர் திட்டி நான் கேட்டதில்லை. பாராட்டியும் கேட்டதில்லை. ஒரு பாட்டையோ கல்யாணத்தையோ எடிட் செய்து முடித்தால் அவர் அதை மூன்று முறை பார்ப்பார். முதல் முறை சத்தத்தை முழுக்க அணைத்துவிட்டு, படத்தை மட்டும். இரண்டாம் முறை நாற்காலியைத் திருப்பி, திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, சத்தத்தை மட்டும். மூன்றாம் முறைதான் மனிதர்கள் பார்ப்பதுபோல் பார்ப்பார். பிடிக்காத இடம் வந்தால் எதுவும் சொல்ல மாட்டார். எழுந்து பின்கட்டுக்குப் போய் ஸ்டவ்வைப் பற்றவைத்து டீ போட்டுக்கொண்டு வருவார். எனக்கும் ஒரு டம்ளர் கிடைக்கும். டீயைக் குடித்துக்கொண்டே எங்கே தப்பு என்று நானே கண்டுபிடிக்க வேண்டும். வெட்டு சரியாக இருந்தால் டீ கிடையாது. மெஷின் முன்னால் உட்கார்ந்த முதல் வருடத்தில் நான் ரொம்ப டீ குடித்தேன்.

சத்தம் இல்லாமல் பாட்டைப் பார்க்கும்போது உதட்டைப் பார்க்கக் கூடாது என்பார். உதட்டை யார் வேண்டுமானாலும் அசைக்கலாம், கழுத்தைப் பார், பாடுகிறவன் கழுத்து சும்மா இருக்காது என்பார். அதனால் எங்கள் ஸ்டுடியோவில் ஒரு கண்டிப்பான வழக்கம் இருந்தது. பாட்டை ஓடவிட்டு நடிப்பவரைப் படம் பிடிக்கும்போது, அவர் வெறுமனே வாயசைக்கக் கூடாது. கூடவே சத்தம் போட்டுப் பாட வேண்டும்.

இந்த வழக்கத்தால் ஒரு முறை நாங்கள் ஊர்ப்பழிக்கு ஆளானோம். திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு ரிக் வண்டி முதலாளி, ஊர் ஊராகப் போய் ஆழ்குழாய்க் கிணறு போடுகிறவர், பக்திப் பாட்டு ஆல்பம் ஒன்று எடுத்தார். பாடியது வேறு ஒருவர், நடிப்பது இவர். தோட்டத்தில் வைத்துப் படம் எடுத்தோம். மனிதர் கூச்சத்தில் உதட்டை மட்டும் அசைத்தார். திரையில் பார்த்தால் வெற்றிலை மெல்லுகிறவர் போல இருந்தது. சார் அருகில் போய், சத்தமாகப் பாடுங்கள் என்றார். எனக்குப் பாட வராதுங்களே என்றார் அவர். “வராட்டிப் போகுதுங்க. உங்க சத்தம் யாருக்கும் கேக்காது. எங்களுக்குக் கழுத்து மட்டும் வேணும்” என்றார் சார். அவர் கண்ணை மூடிக்கொண்டு பாடினார் பாருங்கள், வீட்டிலிருந்து அவர் மனைவி என்னவோ ஏதோ என்று ஓடி வந்துவிட்டார். படம் அருமையாக வந்தது. ஆனால் மனிதருக்குப் பாடும் ருசி பிடித்துவிட்டது. அதற்குப் பிறகு சுற்றுவட்டாரத்தில் காது குத்தோ, கிரகப்பிரவேசமோ, அவர் மைக்கை விடவில்லை. எல்லோரும் எங்களைத்தான் நொந்துகொண்டார்கள்.

சாருக்கு இன்னொரு விதியும் உண்டு. சத்தத்தில் மூச்சு கேட்கக் கூடாது. இரண்டு வரிகளுக்கு நடுவில் பாடுகிறவர் மூச்சு வாங்குவது கேட்டால், பாடுகிறவர் களைத்துவிட்டார் என்று கேட்பவருக்குத் தோன்றிவிடும், அதை எடுத்துவிடு என்பார். என் வாழ்நாளில் நான் வெட்டிப் போட்ட மூச்சுகளைச் சேர்த்துவைத்தால் ஒரு பஸ் டயருக்குக் காற்று அடித்திருக்கலாம்.

‘சோடியம் விளக்கு’ என்னிடம் வந்தது நான் வேலையை விடுவதற்குச் சற்று முன்பு. அப்போது ஸ்டுடியோவை சாரின் மகன் நடத்தினார். சார் காலையில் வந்து பேப்பர் படித்துவிட்டு, நான் காட்டுவதை மூன்று முறை பார்த்துவிட்டுப் போவார்.

பாட்டுக்கு இசை அமைத்தவன் பிரசாந்த். மேட்டூர் அனல் மின் நிலையத்தில் ஒப்பந்த வேலை பார்த்துக்கொண்டு, மீதி நேரத்தில் கீபோர்டும் கம்ப்யூட்டருமாக உட்கார்ந்திருப்பவன். இது நியூ வேவ் பாட்டு என்றான். நான் ஏதோ மின்விசிறிக் கம்பெனி பெயர் என்று நினைத்தேன். டிரம் மெஷின் தடதடவென்று ஒரே தாளத்தில் ஓடும், அதன் மேல் கீபோர்டு குளிர்ந்த தண்ணீர் மாதிரி படியும், பாடுகிறவர் அழவும் கூடாது சிரிக்கவும் கூடாது, அதுதான் அந்த வகை என்று விளக்கினான். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து பைபாஸ் விளக்குகளை எண்ணிக்கொண்டு வரும் ஒரு பெண்ணின் பாட்டு. ‘விளக்கு விளக்கா எண்ணுறேன், ஊரு வந்து சேரல’ என்று ஆரம்பிக்கும். இரண்டாம் முறை கேட்டபோது எனக்குப் பிடித்துப்போயிற்று.

பாடியவள் வாசுகி. எருமப்பட்டிப் பக்கம் விவசாயக் குடும்பம். கோழித் தீவன ஆலை ஒன்றில் அலுவலக வேலை. கழுத்தில் தைராய்டு கட்டி வளர்ந்து மூச்சுக் குழாயை அழுத்தத் தொடங்கியிருந்தது. ஆபரேஷன் செய்துதான் ஆக வேண்டும், செய்தால் குரல் மாறினாலும் மாறலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் அவளும் பிரசாந்தும் அவசரமாகப் பாட்டைப் பதிவு செய்தார்கள். அதன் பிறகு அவள் ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

பாட்டைக் கேட்ட சென்னை கம்பெனி ஒன்று, நாங்கள் வெளியிடுகிறோம், வீடியோவும் எடுத்துத் தருகிறோம் என்று முன்வந்தது. அவர்கள் குறித்த நாளில் வாசுகிக்கு ஆபரேஷன் முடிந்து தையல் ஆறிக்கொண்டிருந்தது. டாக்டர் மறுபடி பார்க்கும்வரை பேசவே கூடாது, கிசுகிசுப்பும் கூடாது. சேலம் பைபாஸில் எல்லாம் வெள்ளை விளக்கு வந்துவிட்டதால், மஞ்சள் சோடியம் விளக்கு மிச்சம் இருந்த மேட்டூர்ச் சாலை ஒன்றில் சாயங்கால வெளிச்சத்தில் எடுத்தார்கள். வாசுகி வாயை மட்டும் அசைத்தாள். கம்பெனிக்காரர்கள் எதற்கும் இருக்கட்டும் என்று சென்னையிலிருந்து ஒரு மாடல் பெண்ணையும் அழைத்து வந்து, அதே பாட்டை அவளையும் பாடவைத்து எடுத்துக்கொண்டார்கள். இரண்டும் என் மேசைக்கு வந்தன.

முதலில் சத்தமில்லாமல் ஓட்டிப் பார்த்தேன். மாடல் பெண் நன்றாகத்தான் செய்திருந்தாள். வாய்விட்டுப் பாடியிருந்தாள், கழுத்து வேலை செய்தது. அவள்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. வாசுகியின் உதடு ஒவ்வொரு எழுத்துக்கும் சரியாக அசைந்தது, ஆனால் கழுத்து அசையவில்லை. சில ஷாட்டில் தையல் தெரியாமல் சால்வை சுற்றியிருந்தார்கள். அப்போதும் தாடையும் தோளும் காட்டிக் கொடுத்துவிட்டன. குரல் ஒரு பக்கமும் ஆள் ஒரு பக்கமுமாக நின்றார்கள். சொந்தக் குரலுக்கே இரவல் வாங்கிய முகம் போல் இருந்தது.

கம்பெனியின் பொறுப்பாளர் போனில் தன்மையாகத்தான் பேசினார். பாடும் இடமெல்லாம் மாடலைப் போடுங்கள், வாசுகியைப் பின்னால் பிரசாந்தோடு நிற்க வையுங்கள், பாடியவர் பெயர் முதலிலேயே வந்துவிடும் என்றார். இந்தக் காலத்து சினிமாவில் பாடுகிறவரா நடிக்கிறார் என்றும் கேட்டார். நியாயமான கேள்விதான்.

மறுநாள் வாசுகி தன் அப்பாவோடு ஸ்டுடியோவுக்கு வந்தாள். அப்பா வெள்ளை வேட்டியும் தோளில் துண்டுமாக நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். மாடலை வைத்து நான் வெட்டியிருந்ததைப் போட்டுக் காட்டினேன். பிரசாந்த் குரலை மெஷினில் போட்டு நிறைய மெருகேற்றியிருந்தான். அப்பா கடைசிவரை கவனமாகப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“ஏனுங்க, இது எங்க பாப்பா கொரலு மாதிரியே இல்லீங்களே. அந்தப் புள்ளையே பாடுனதுங்களா?”

வாசுகி போனை எடுத்து வேகமாகத் தட்டி என்னிடம் நீட்டினாள். ‘அந்தப் பொண்ணு நல்லாப் பண்ணியிருக்குங்கக்கா. ஆனா இந்தக் கொரலு எனக்குத் திரும்ப வருமான்னு தெரியல. வராமப் போச்சுன்னா, நாந்தான் பாடுனேன்னு யாருக்கும் பாடிக் காட்ட முடியாது. எங்கப்பாவே நம்பல பாருங்க.’

நான் படித்து முடித்ததும் போனை வாங்கிக்கொண்டாள். அழவில்லை. எனக்குத்தான் மனது கனத்துவிட்டது. பெயரைப் போட்டுவிட்டால் போதும் என்று நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். பெயரை யார் படிக்கிறார்கள்? முகத்தோடுதான் குரல் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய பிறகு பிரிக்க முடியாது. வருத்தத்தோடு வெட்டினால் வெட்டு பிசகும், அதனால் அன்று மெஷினை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் வாசுகியை வைத்தே வெட்டிப் பார்த்தேன். தூரத்து ஷாட், பக்கவாட்டு ஷாட், இருட்டான ஷாட் என்று பொறுக்கிப் பொறுக்கிச் சேர்த்தேன். சார் சத்தமில்லாமல் பாதி பார்த்தார், எழுந்து டீ போடப் போனார். மாற்றினேன், மறுபடியும் டீ வந்தது. மூன்றாவது டம்ளரை மேசையில் வைத்தபோது அவருக்கே என்னைப் பார்க்கப் பாவமாக இருந்திருக்க வேண்டும், ஒரு பிஸ்கட்டும் சேர்த்து வைத்தார்.

பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டு, எதையும் தேடாமல், வாசுகியின் படத்தைச் சத்தமில்லாமல் ஓடவிட்டேன். எங்கே செத்திருக்கிறாள் என்றே இதுவரை பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கேயாவது உயிரோடு இருக்கிறாளா என்று அப்போதுதான் பார்த்தேன். இருந்தாள். ஒவ்வொரு வரிக்கும் முந்தைய கணத்தில். வாய் லேசாகத் திறக்கும், மார்பு உயரும், கழுத்து எலும்புக்கு மேல் ஒரு குழி விழும், கண் எங்கோ நிலைக்கும். பாடத் தெரிந்தவர் மூச்சு எடுக்கும் விதம் அது. பேசக் கூடாது என்றுதான் டாக்டர் சொல்லியிருந்தார். மூச்சு விடக் கூடாது என்று சொல்லவில்லை. குரல் தொடங்க வேண்டிய இடத்தில்தான் அவள் அணைந்துபோனாள். மாடல் பெண்ணின் படத்தில் அந்தக் கணமே இல்லை. அவள் வரி வந்ததும் வாயைத் திறந்தாள், அவ்வளவுதான்.

அதனால் அந்தக் கணங்களை மட்டும் எடுத்தேன். வாசுகி மூச்சு எடுப்பாள். குரல் தொடங்கும் இடத்தில் வெட்டு. வரி முழுக்க வேறு படம் ஓடும்: மஞ்சள் விளக்குகள், பஸ் ஜன்னல், அணைக்கட்டின் ஓரத்தில் கவிழ்த்துப்போட்ட பரிசல், பிரசாந்தின் விரல்கள். வரி முடிந்ததும் மறுபடி வாசுகி, அடுத்த மூச்சு. பாட்டு முழுக்க அவள் பாடப் போகிறவளாகவே இருந்தாள்.

இரண்டாம் முறைக்கு நானே நாற்காலியைத் திருப்பிப் போட்டு, திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கேட்டேன். மூச்சு எதுவும் கேட்கவில்லை. பிரசாந்த் எல்லாவற்றையும் துடைத்து எடுத்திருந்தான். படத்தில் மூச்சு இருந்து சத்தத்தில் இல்லாவிட்டால் அதுவும் பொய்தான். அவனுக்குப் போன் செய்து, எடுத்துப்போட்ட மூச்சுகள் இருக்கின்றனவா என்று கேட்டேன். இருக்கிறது, ஆனால் போட முடியாது என்றான். கட்டி அழுத்திக்கொண்டிருந்த காலத்தில் பதிந்தது, ஒவ்வொரு மூச்சும் ஈரக் கயிற்றை இழுப்பது போல் கரகரவென்றிருக்கும், குரலே மெஷின் மாதிரி இருக்க வேண்டிய பாட்டில் அது வந்தால் ஸ்டைலே கெட்டுவிடும் என்றான். எனக்கும் சார் சொல்லிக் கொடுத்தது அதைத்தான். இருந்தாலும் ஒரு முறை போட்டுப் பார்க்கலாம் என்றேன். அரை மனதாக அனுப்பினான். சத்தத்தைக் குறைத்து, ஒவ்வொரு முகத்தின் அடியிலும் அதற்கு உரிய மூச்சை வைத்தேன். படத்தில் இருந்தது ஆபரேஷனுக்குப் பிந்தைய மூச்சு, சத்தத்தில் இருந்தது முந்தையது. அது எனக்கும் பிரசாந்துக்கும் மட்டும் தெரியும்.

சார் வந்தார். சத்தமில்லாமல் முழுக்கப் பார்த்தார், எழவில்லை. நாற்காலியைத் திருப்பிக்கொண்டார். பாட்டு ஓடியது. மூன்றாவது மூச்சு வந்தபோது அவர் நாற்காலியோடு திரும்பித் திரையைப் பார்த்தார். அத்தனை வருடங்களில் இரண்டாம் முறையில் அவர் திரும்பி நான் பார்த்ததில்லை. என் கை தன்னால் நிறுத்தும் பட்டனுக்குப் போயிற்று. வேண்டாம், ஓடட்டும் என்று சைகை காட்டினார்.

“ஆளு இருக்கும்மா இதுல” என்றார். அன்று டீ இல்லை.

பிரசாந்த் வந்து பார்த்தான். ஸ்டைல் பற்றி அவன் பேசவில்லை, ஒரு மூச்சை மட்டும் இன்னும் கொஞ்சம் குறைக்கச் சொன்னான். குறைத்தேன். கம்பெனியின் பொறுப்பாளர் உதடு அசையாத வீடியோ ஓடுமா என்று சந்தேகப்பட்டார். பிறகு, முகமும் இருக்கிறது, தப்பாகத் தெரியும் இடமும் இல்லை என்று ஒத்துக்கொண்டார். மாடல் பெண் விளக்குக்கடியில் நடந்து போகும் பெண்ணாக இரண்டு இடத்தில் வந்தாள்.

வெளியிடுவதற்கு முன்னால் வாசுகியை அழைத்துக் காட்டினோம். அதற்குள் டாக்டர் பேச அனுமதித்திருந்தார். குரல் வந்திருந்தது, ஆனால் பழைய குரல் இல்லை. தணிந்து, காற்று கலந்து, மேலே ஏறாமல் நின்றது. இனி இவ்வளவுதான் என்று சொல்லிவிட்டார்களாம். அதை அவள் சாதாரணமாகச் சொன்னாள். அப்பா அதே நாற்காலியில் அதே மாதிரி நுனியில் உட்கார்ந்தார்.

பாட்டு தொடங்கியது. அப்பா முதலில் திரையைத்தான் பார்த்தார். இரண்டு மூச்சு போன பிறகு தலையைக் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார். தோளில் இருந்த துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பாட்டு முடிந்ததும் என் பக்கம் திரும்பினார்.

“இது எம் புள்ளதானுங்க” என்றார். “ஆபரேசனுக்கு முந்தி வருசம் பூரா பக்கத்து ரூம்புல படுத்துக்கிட்டு இந்த மூச்சத்தானுங்க கேட்டுக்கிட்டே கெடந்தேன். எங்க நின்னு போயிருமோன்னு.”

வாசுகி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் தூங்காமல் கிடந்தது அவளுக்கு அன்றுவரை தெரியாது போலிருக்கிறது. பிறகு அந்தப் புதுக் குரலில், பாட்டு எப்படி இருக்கிறது என்று சொல்லுங்கள் அப்பா என்று கேட்டாள்.

“பாட்டெல்லாம் எனக்கென்ன தெரியும் சாமி” என்றார் அவர். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

வீடியோ வெளிவந்தது. பெரிய பரபரப்பு ஒன்றுமில்லை. கேட்டவர்கள் கேட்டார்கள், சிலர் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். ஏன் இந்தப் பெண் பாடவே மாட்டேன் என்கிறாள் என்று வீடியோவுக்குக் கீழே எழுதியவர்களும் உண்டு. அது புது ஸ்டைல் என்று தங்களுக்குள்ளேயே பதில் சொல்லிக்கொண்டார்கள். எருமப்பட்டியில் அது வாசுகி பாட்டு என்று எல்லோருக்கும் தெரியும். அவள் அப்பா பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டார். அவள் இப்போது பிரசாந்துக்குப் பாட்டு எழுதித் தருகிறாள்.

தினேஷுக்கு என் பதில் இதுதான். உதட்டை அசைய வைப்பதென்றால் வை. மூச்சையும் எடுப்பதென்றால் எடு. உன் மெஷின் என்னைவிடச் சுத்தமாகவே செய்யும். வாசுகியிடமும் கேட்டுக்கொள். ஆனால் வெளியே விடுவதற்கு முன்னால், எருமப்பட்டிக்குப் போய் அவள் அப்பாவைக் கூட்டி வா. சார் உட்கார்ந்தது போல, திரைக்கு முதுகைக் காட்டி அவரை உட்கார வைத்துப் பாட்டைப் போடு. முழுக்கக் கேட்டுவிட்டு அவர் ‘இது யாருங்க?’ என்று கேட்டால், வெளியே விடாதே.